மனச்சாட்சி வாக்கும் தமிழ்நாடும்

2022-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள். குடியரசுத் தலைவர் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். ஆலத்தியூரில், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் புழுதி கிளப்பிச் செல்லும் சாலையோரத் தேநீர்க் கடையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நம்மை அழைத்துக் கேட்டார்: “ஏன் தம்பி, நாட்டுக்கே தலைவரைத் தேர்ந்தெடுக்கிறாங்கன்னு போட்டிருக்கு. நம்ம பள்ளிக்கூடத்துல ஓட்டுச்சாவடி எதுவும் போடலையே?” நமக்காக நம் சட்டமன்ற உறுப்பினரே வாக்களிப்பார் என்று விளக்கினோம். அவர் விடவில்லை. “சரி, நமக்காகப் போடுற ஓட்டை யாருக்குப் போட்டாருன்னு நம்மகிட்ட வந்து சொல்வாரா?”

சொல்லமாட்டார், சொல்ல வேண்டும் என்று சட்டமும் கேட்கவில்லை. அது இரகசிய வாக்கெடுப்பு. வாக்குச் சீட்டில் எழுதுகின்ற கைக்கும், அதை அறிந்த நெஞ்சுக்கும் இடையே வேறு சாட்சி இல்லை. பெரியவரின் கேள்வி நம்மை 1969-ஆம் ஆண்டுக்கு அழைத்துச் சென்றது. ‘மனச்சாட்சி’ என்னும் சொல் இந்திய அரசியலில் ஓங்கி ஒலித்த ஆண்டு அது. அந்த ஆண்டின் குடியரசுத் தலைவர் தேர்தலில் நம் தமிழ்நாடு எவ்வாறு வாக்களித்தது, அதில் மனச்சாட்சிக்கு எவ்வளவு இடமிருந்தது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

நம் அரசியலமைப்பின் 54, 55-ஆம் உறுப்புகள் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்துள்ளன. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும், மாநிலச் சட்டமன்றங்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே வாக்காளர்கள். ஒரு மாநிலத்தின் மக்கள்தொகையை அதன் சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, வந்த தொகையை மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் கிடைப்பதே அம்மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரது வாக்கின் மதிப்பு. 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் மாநில மக்கள்தொகை 3,36,86,953. சட்டமன்ற இடங்கள் 234. ஆகவே 1969-இல் நம் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரது வாக்கின் மதிப்பு 144. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரது வாக்கின் மதிப்பு 576.

இந்தக் கணக்கில் ஓர் அழகு உண்டு. எண்ணப்படுவது வாக்காளர் பட்டியல் அன்று, மக்கள்தொகை. 1961-இல் ஆலத்தியூரில் தாயின் இடுப்பில் இருந்த குழந்தையும் அந்த 144-க்குள் அடக்கம். ஆயிரம் உயிர்களுக்கு ஒரு வாக்கு என்ற அளவில், நம்மூரும் அந்தச் சீட்டுகளில் எடையாக ஏறியிருந்தது.

1969 தமிழ் மக்களுக்குத் தனித்த ஆண்டு. அவ்வாண்டு ஜனவரி 14-ஆம் நாள் ‘சென்னை மாநிலம்’ என்ற பெயர் மாறி ‘தமிழ்நாடு’ என்பது நடைமுறைக்கு வந்தது. அந்தப் பெயருக்காக வாதாடி வென்ற முதலமைச்சர் அண்ணா, மூன்று வாரங்களுக்குள், பிப்ரவரி 3-ஆம் நாள் மறைந்தார். பிப்ரவரி 10-ஆம் நாள் கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சரானார். எனவே, தமிழ்நாடு என்ற பெயரோடு நம் மாநிலம் வாக்களித்த முதற் குடியரசுத் தலைவர் தேர்தல் 1969-ஆம் ஆண்டுத் தேர்தலே.

அவ்வாண்டு மே 3-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் காலமானார். பதவியில் இருக்கும்போதே மறைந்த முதற் குடியரசுத் தலைவர் அவர். துணைத் தலைவர் வி.வி. கிரி தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். ஜூலைத் திங்களில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் நாடாளுமன்றக் குழு, நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராகத் தேர்ந்தது. பிரதமர் இந்திரா காந்தி விரும்பியது ஜகஜீவன் ராமை. குழுவில் பெரும்பான்மை மூத்த தலைவர்களிடம் இருந்தது. அவர்களுள் ஒருவர் பெருந்தலைவர் காமராசர். 1964-இல் லால் பகதூர் சாஸ்திரியும், 1966-இல் இந்திரா காந்தியும் பிரதமராவதற்கு வழிசெய்தவர் அவரே. இப்போது அவரும் பிரதமரும் எதிரெதிரே நின்றனர்.

நிகழ்ச்சிகள் விரைந்தன. ஜூலை 16-ஆம் நாள் மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித்துறை பறிக்கப்பட்டது. 19-ஆம் நாள் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. 20-ஆம் நாள் கிரி தம் பொறுப்பைத் துறந்து, சுயேச்சை வேட்பாளராகக் களத்தில் நின்றார். சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் முன்னாள் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக்கை ஆதரித்தன. ரெட்டியின் வேட்பு மனுவில் கையெழுத்திட்டவர் இந்திரா காந்தியே. எனினும், காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா சுதந்திரா, ஜனசங்கத் தலைவர்களைச் சந்தித்து இரண்டாம் முன்னுரிமை வாக்குகளைக் கேட்டதும், பிரதமர் தம் கட்சியினருக்குக் கொறடா ஆணை பிறப்பிக்க மறுத்தார். மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்ற அழைப்பு நாடெங்கும் பரவியது.

தமிழ்நாட்டில் என்ன நிலை? 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் தி.மு. கழகம் 137 இடங்களைப் பெற்றிருந்தது. காங்கிரசுக்கு 51, சுதந்திராக் கட்சிக்கு 20, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 11. மூன்று பெரும் அணிகளும் மூன்று வேட்பாளரை நோக்கி நின்றன. தி.மு. கழகமும் இடதுசாரிகளும் கிரியை ஆதரித்தனர். காமராசரின் காங்கிரஸ் ரெட்டியின் பக்கம். இராஜாஜியின் சுதந்திராக் கட்சி தேஷ்முக்கின் பக்கம். 1967-இல் தோளோடு தோள் நின்று காங்கிரசை வென்ற தி.மு. கழகமும் சுதந்திராவும் இரண்டே ஆண்டுகளில் வேறு வேறு திசையில் வாக்களித்தன.

தி.மு. கழகத்தின் நிலைப்பாட்டில் கொள்கையும் இருந்தது, கணக்கும் இருந்தது. தொழிற்சங்கங்களில் வளர்ந்த கிரியும், வங்கிகளைப் பொதுவுடைமையாக்கிய பிரதமரும் ஏழை எளியோர் பக்கம் நிற்பதாகப் பலரும் நம்பினர். அதே நேரத்தில், தமிழ்நாட்டில் கழகத்தின் எதிர்க்கட்சி காமராசரின் காங்கிரஸ். அவர் நிறுத்திய வேட்பாளர் தோற்பது கழகத்துக்கு ஆதாயம். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் துலாக்கோல் நம்மிடம் இல்லை.

ஆகஸ்டு 16-ஆம் நாள் வாக்குப்பதிவு. 20-ஆம் நாள் எண்ணிக்கை. செல்லத்தக்க வாக்குகளின் மொத்த மதிப்பு 8,36,337. வெற்றிக்குத் தேவை 4,18,169. முதற் சுற்றில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. எவரும் இலக்கை எட்டவில்லை. பின்தங்கிய வேட்பாளர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்களது சீட்டுகளில் இருந்த அடுத்த முன்னுரிமைகளைப் பகிர்ந்து சேர்த்தனர். தேஷ்முக்கின் சீட்டுகளில் பெரும்பகுதி ரெட்டிக்குச் சென்றது. இறுதியில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. இன்றுவரை இரண்டாம் முன்னுரிமை வாக்குகளால் முடிவான ஒரே குடியரசுத் தலைவர் தேர்தல் அது.

கிரி இலக்கைக் கடந்தது வெறும் 1,908 மதிப்பில். தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் 14 பேரின் வாக்குகளைவிட அது குறைவு. ரெட்டியைவிட அவர் பெற்ற முன்னிலை 14,650. தி.மு. கழகம் 1967-இல் பெற்ற 137 சட்டமன்ற இடங்களையும், 25 மக்களவை இடங்களையும் கூட்டிப் பார்த்தால் அவற்றின் வாக்கு மதிப்பு 34,128. இந்த வாக்குகள் திசைமாறியிருந்தால் முடிவும் மாறியிருக்கும். தமிழ்நாடு ஒன்றே முடிவுசெய்தது என்று சொல்வது மிகை. பிற மாநிலக் கட்சிகளும், பல காங்கிரஸ் உறுப்பினரும் கிரிக்கு வாக்களித்தனர். ஆயினும், தமிழ்நாடு இல்லாமல் அந்த முடிவு இல்லை என்பது மிகையன்று.

இங்கே கடல் கடந்தும் ஒரு பார்வை. ஓராண்டுக்கு முன், 1968-இல், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வட கரோலினா மாநிலத்தை நிக்சன் வென்றார். அம்மாநிலத்துக்குரிய 13 தேர்வாளர் வாக்குகளும் அவருக்கே சேரவேண்டும். ஆனால், தேர்வாளர் ஒருவர் தம் கட்சிக்கு மாறாக ஜார்ஜ் வாலஸுக்கு வாக்களித்தார். நிக்சனுக்கு 12 வாக்குகளே கிடைத்தன. வாலஸோ நிறப்பாகுபாட்டுக்குக் குரல் கொடுத்தவர். தன் விருப்பப்படி நடப்பதாலேயே ஒரு வாக்கு நல்ல வாக்காகிவிடாது என்பதற்கு அது சான்று. மக்கள் ஒருவரைச் சுட்டிக்காட்டியபின், அவர்கள் பெயரால் வாக்களிப்பவர் தம் மனம்போல் நடக்கலாமா என்ற கேள்வி அங்கும் எழுந்தது, இங்கும் எழுகிறது.

மனச்சாட்சியின் பெயரால் நடந்த தேர்தலில் எல்லாமே தூய்மையாக இருந்ததா? சஞ்சீவ ரெட்டியின் நன்னடத்தையைப் பழிக்கும் துண்டுப் பிரசுரம் ஒன்று வாக்காளர்களிடையே பரவியது. அதையும் காரணங்காட்டித் தொடரப்பட்ட வழக்கில், 1970-இல், பதவியிலிருந்த குடியரசுத் தலைவரே உச்ச நீதிமன்றத்துக்கு நேரில் வந்து சாட்சியம் அளித்தார். வழக்குத் தள்ளுபடியானது. சட்டத்தின்படி தேர்தல் செல்லும். ஆனால், மனச்சாட்சியை அழைத்த அதே நாள்களில் அவதூறும் உடன் நடந்தது என்பதை வரலாறு மறைக்கவில்லை.

விளைவுகளும் எவரும் எண்ணியபடி அமையவில்லை. 1969 நவம்பரில் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. பெரும்பான்மை இழந்த இந்திரா காந்தியின் அரசை நாடாளுமன்றத்தில் தாங்கியவர்களுள் தி.மு. கழகத்தினரும் இருந்தனர். 1971-இல் இருவரும் கூட்டணி கண்டு தமிழ்நாட்டில் பெருவெற்றி பெற்றனர். 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள் காமராசர் மறைந்தார். 1976 ஜனவரி 31-ஆம் நாள் தி.மு. கழக அரசே கலைக்கப்பட்டது. 1969-இல் தோற்கடிக்கப்பட்ட சஞ்சீவ ரெட்டி, 1977-இல் போட்டியின்றிக் குடியரசுத் தலைவரானார்.

அப்படியானால் மனச்சாட்சி என்பது அரசியலில் வெறும் முழக்கந்தானா? நாம் அவ்வாறு கருதவில்லை. அதற்குச் சான்று தேடித் தில்லிக்குச் செல்ல வேண்டியதில்லை. நம் அரியலூர் மண்ணிலேயே அது பதிந்திருக்கிறது. 1956 நவம்பர் 23-ஆம் நாள் விடியற்காலையில், அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைய, தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பாலத்தைக் கட்டியவர் அவரல்லர். வண்டியை ஓட்டியவரும் அவரல்லர். ஆயினும், தம் பொறுப்பில் இருந்த துறையின் துயரத்தைத் தம் துயரமாக ஏற்றார். அந்தச் செயலால் அவருக்கு அன்று கிடைத்த பதவி எதுவுமில்லை, இழந்ததே உண்டு.

1969-இல் வென்ற கிரியின் வாழ்விலும் அத்தகைய ஒரு பக்கம் உண்டு. 1954-இல், வங்கி ஊழியர்களுக்குச் சார்பான தீர்ப்பாய முடிவை அரசு மாற்றியபோது, தொழிலாளர் துறை அமைச்சராக இருந்த அவர் பதவியைத் துறந்தார். மனச்சாட்சிக்காக நின்றவர் என்று அவரைச் சொல்வதானால், 1969-ஆம் ஆண்டு வெற்றியைவிட 1954-ஆம் ஆண்டு விலகலையே நாம் முதலில் சுட்டுவோம்.

இவ்விரண்டையும் 1969-ஆம் ஆண்டுக்கு அருகில் வைத்துப் பார்க்கும்போது நமக்கு ஓர் உரைகல் கிடைக்கிறது. ஒருவர் தம் மனச்சாட்சிப்படி நடந்தாரா என்பதை, அதனால் அவர் பெற்றதைக் கொண்டு அளக்க முடியாது. அதற்காக அவர் எதை இழக்க முன்வந்தார் என்பதைக் கொண்டே அளக்கலாம். 1969-இல் கட்சியின் சொல்லும் தம் நெஞ்சின் சொல்லும் ஒன்றாயிருந்தவர்களுக்குச் சோதனை ஏதுமில்லை. இரண்டும் மாறுபட்டபோது, நாளை தமக்கு இடமிருக்குமா என்று அறியாமல் நெஞ்சின் சொல்லைக் கேட்ட உறுப்பினர் சிலரேனும் எல்லா அணிகளிலும் இருந்திருப்பர். வென்றவருக்கு வாக்களித்தவர்களிலும், தோற்றவருக்கு வாக்களித்தவர்களிலும் அவர்கள் இருந்திருக்கலாம். அவர்கள் பெயர்களை இரகசியச் சீட்டு நமக்குச் சொல்லாது.

இன்று நம் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரது வாக்கின் மதிப்பு 176. 1971-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அது நிலைநிறுத்தப்பட்டுள்ளது. 2026-க்குப்பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வெளியாகும்வரை அந்த அளவே நீடிக்கும். குடும்பநலத்தைப் பேணிய மாநிலங்களின் எடை அதன்பின் குறையுமோ என்ற கவலை நியாயமானதே. எடை கூடினாலும் குறைந்தாலும், அந்த வாக்கைச் செலுத்தும் கை யாருடையது, அதற்குப் பின்னால் உள்ள நெஞ்சம் எத்தகையது என்ற கேள்வி மாறாது. குடியரசுத் தலைவர் தேர்தலில் கட்சிகள் கொறடா ஆணை பிறப்பிக்க இயலாது. சட்டமே உறுப்பினரைத் தம் நெஞ்சோடு தனித்து விட்டுவிடுகிறது.

பெரியவரிடம் அன்று நாம் முழு விடை சொல்லவில்லை. இன்று சொல்வதானால் இவ்வாறு சொல்வோம்: ஐயா, அவர் நம்மிடம் வந்து சொல்லமாட்டார். ஆகவே, சொல்லாமலே நேர்மையாக நடக்கக்கூடியவரா என்று நாம் முன்னரே பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நமக்கு வாக்குச்சாவடி உண்டு. அது ஐந்தாண்டுக்கு ஒருமுறை நம் பள்ளிக்கூடத்திலேயே திறக்கிறது. அங்கே நாம் நிற்கும் மறைவிடத்திலும் நம்மைத் தவிர வேறு சாட்சி இல்லை.