மணலும் திரையும்

அண்மையில் ஓர் இளம் பயிற்சி ஆசிரியை எமது தோட்ட ஆபீசுக்கு வந்தார். இங்கே பால் வெட்டிய தொழிலாளி ஒருவரின் மகள்; அருகிலுள்ள தமிழ்ப் பள்ளியில் பயிற்சிக்காகப் பாடம் நடத்துகிறவர். “கணினியும் திரையும் வைத்து நடத்தினால் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள், முடிந்தபின் கேள்வி கேட்டால் வாய் திறப்பதில்லை. குறை கருவியிலா, என்னிலா, அண்ணா?” என்று கேட்டார். விடையிறுக்க நாம் ஆசிரியருமல்லோம், அறிஞருமல்லோம். ஆயினும், தோட்டப் பள்ளிகளில் ஆதியில் பாடஞ் சொன்னவர்களுள் எம்போன்ற கிராணிமாரும் உண்டு. ஆகவே சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்க்கலானோம்.

1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில், ஐரோப்பியப் போர்வீரர்களின் அநாதைச் சிறுவர்க்கான விடுதிப் பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் மேற்பார்வையாளரானார். ஒருநாள் அவர் நம் நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியிலும் கொண்டுவர விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்களோ இணங்கவில்லை. உடனே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, இளைய பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துக் கற்பிக்கும்படி செய்தார். அவன் செய்துகாட்டினான். கற்ற பிள்ளை கல்லாத பிள்ளைக்குக் கற்பிக்கும் அவ்வழியை விளக்கி, 1797இல் லண்டனில் நூலொன்று வெளியிட்டார். அது ‘சென்னை முறை’ என்னும் பெயரோடு இங்கிலாந்தெங்கும் பரவிற்று. நம் மணல் கப்பலேறிச் சென்று வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவித்ததென்றால் மிகையாகாது!

இதைப் பழம்பெருமை பேசுவதற்காக எழுதவில்லை. அந்தத் திண்ணைகள் தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகளுக்கு அடைக்கப்பட்டே கிடந்தன என்பதை மறைப்பது நேர்மையன்று. நாம் கருத வேண்டியது ஒன்றே. மணலில் மாயமொன்றுமில்லை, ஒவ்வொரு பிள்ளையின் விரலும் அதில் உழைத்தது, ஒவ்வொரு பிள்ளையின் வாயும் மற்றொருவனுக்குச் சொல்லிக்கொடுத்தது. பலன் விளைந்தது அதனாலன்றோ?

நிற்க, நம் நெகிரி செம்பிலானுக்கு வருவோம். மலாய் ஐக்கிய நாடுகளின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்தில், அதிகாரிகள் பணித்தால் முதலாளி பள்ளி அமைக்க வேண்டும் என்றது. சட்டம் பள்ளியைக் கேட்டது. பயிற்சி பெற்ற உபாத்தியாயரைக் கேட்கவில்லை. ஆகவே கிராணியோ, கங்காணியோ, டிரெசரோ கிடைத்த வேளையில் பாடஞ் சொன்னார்கள். கரும்பலகையும் சிலேட்டும் வந்தன. அவற்றைக் கையாளக் கற்றவர் வரவில்லை.

பின்னர் வந்தவற்றையும் பாருங்கள். 1972இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிற்று. பல தோட்டத்து லயங்களில் அப்போது முழுநேர மின்சாரமே கிடையாது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடத்தப்படலாயின; மடிக்கணினியும் படம்வீழ்த்தும் கருவியும் ஆசிரியர்க்குக் கொடுக்கப்பட்டன. ஆங்கிலம் கற்றுப் பிழைக்கும் எமக்கு அம்மொழிமேல் பகையில்லை. ஆனால் புதுக்கருவி, புதுமொழி, புதுப்பாடம் ஆகிய மூன்றையும் ஏழு வயதுக் குழந்தையின் தலையில் ஒருசேர ஏற்றுவது முறையா? 2009இல் அரசாங்கமே அத்திட்டத்தைக் கைவிட முடிவு செய்தது.

2020 மார்ச்சில் தொற்றுநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடம் கைப்பேசிக்குள் புகுந்தது. அவ்வாண்டு கல்வி அமைச்சு பெற்றோரிடம் எடுத்த கணக்கில், மாணவருள் நூற்றுக்கு ஏறக்குறைய 37 பேரிடம் எந்தக் கருவியுமே இல்லையெனத் தெரிந்தது. கைப்பேசியுள்ள வீட்டிலும், தகப்பன் அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டால் பிள்ளைக்குப் பாடமேது? அவன் திரும்பி வரும் மாலையில்தான் பள்ளி திறந்தது!

இனி அவ்வாசிரியைக்கு நாம் சொன்னது யாதெனில்: குறை முழுவதும் உம்முடையதன்று, கருவியுடையதுமன்று. திரை உம் கையிலேயே இருக்கிறது. பிள்ளைகள் அதன்முன் வெறும் பார்வையாளராய் அமர்ந்திருக்கிறார்கள். நாளை விசைப்பலகையை அவர்களிடம் கொடும். அறிந்த பிள்ளை அறியாத பிள்ளைக்குக் காட்டட்டும். பிழை வரும், கூச்சல் எழும், அஞ்ச வேண்டா.

கணக்கு எழுதுவது எமது தொழில். பள்ளிக்கு எத்தனை கணினி வந்தது, எத்தனை அலமாரியில் பூட்டியிருக்கிறது என்று ஏட்டில் எழுதுவது எளிது. ஒரு வாரத்தில் ஒரு தொழிலாளியின் பிள்ளையுடைய விரல் அதன்மேல் எத்தனை நாழிகை பட்டது என்பதற்கு எந்த ஏட்டில் இடமிருக்கிறது? அந்த ஏட்டைத் திறக்கும்படி பெற்றோரும் ஆசிரியரும் ஒன்றுகூடிக் கேட்கவேண்டும். கேளாத வரையில், மணலில் எழுதிய சிறுவனுக்குக் கிட்டிய வாய்ப்பு திரைமுன் அமர்ந்த நம் பிள்ளைக்குக் கிட்டாது.