நிலுவையில் நிற்கும் ஆட்டங்கள்: இந்தியாவில் வீடியோ கேம் உடைமை பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

2014 ஏப்ரலில் ஆர்ஸ் டெக்னிகா என்னும் தொழில்நுட்ப இதழ் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. ஸ்டீம் என்னும் இணைய விற்பனைத் தளத்தில் பொதுப்பார்வைக்குத் திறந்திருந்த பயனர் கணக்குகளிலிருந்து மாதிரிகளைத் திரட்டி, மக்கள் தம் பெயரில் சேர்த்துவைத்திருந்த வீடியோ கேம்களில் எத்தனை உண்மையில் ஆடப்பட்டுள்ளன என்று அது மதிப்பிட்டது. பதிவாகியிருந்தவற்றுள் சுமார் 37 விழுக்காடு ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை என்பது அதன் முடிவு. ஆடுவதற்காகவே செய்யப்பட்ட ஒரு பண்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடப்படாமலே கிடக்கிறது என்றால், அதை வாங்கியவரின் சோம்பல் என்று கடந்துபோவது எளிது. வரலாற்று மாணவர்கள் அவ்வாறு கடக்கலாகாது. வாங்கிக் குவித்து ஆடாமல் விடும் இந்தப் பழக்கத்துக்கு ஒரு பிறப்புக் காலம் உண்டு. அதற்கு முன் இந்தியச் சிறுவர்களுக்கு அது அறவே அறிமுகமில்லாத ஒன்று.

ஆடாமல் எஞ்சியவற்றின் குவியலை ஆங்கிலத்தில் ‘பேக்லாக்’ என்கிறார்கள். அடுப்பங்கரையின் பின்புறத்தில் நெடுநேரம் கனன்று எரிவதற்காக வைக்கப்படும் தடித்த கட்டையைக் குறித்த சொல் அது. பின்னாளில் நிறைவேற்றப்படாத வணிக ஆணைகளைக் குறிக்க வந்தது. ஜப்பானியர் வாங்கி அடுக்கிப் படிக்காமல் விட்ட நூல்களுக்கு ‘த்சுன்டோக்கு’ என்று பெயரிட்டிருந்தனர். அதன் சாயலில் ஆடாத ஆட்டங்களுக்கு ‘த்சுமிகே’ என்ற சொல்லும் அங்கே வழக்கில் உண்டு. தமிழில் ‘நிலுவை’ பொருந்தும். நில் என்னும் வேரிலிருந்து வந்த இச்சொல், தீர்க்கப்படாமல் நின்றுபோன கணக்கைச் சுட்டுகிறது. கணக்கு என்ற பொருள் இதில் இருப்பது நல்லது. யாருக்கு யார் கடன்பட்டிருக்கிறார் என்ற கேள்வி இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

1990களின் இந்திய நகரங்களிலும் சிறு பட்டணங்களிலும் வீடியோ கேம் என்பது பெரும்பாலும் நின்டென்டோவின் ஃபேமிகாம் கருவியைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல் பெட்டியே. ஃபேமிகாம் 1983 ஜூலையில் ஜப்பானில் வெளிவந்தது. உயர் சுங்கவரியும் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் இருந்த நாட்டில் அது சாமுராய், மீடியா நிறுவனத்தின் லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்களிலும், பெயரே இல்லாத எண்ணற்ற பெட்டிகளாகவும் வந்து சேர்ந்தது. ஆட்டம் அடங்கிய செருகு பெட்டியை இங்கே எவரும் ‘காட்ரிட்ஜ்’ என்று சொல்லவில்லை. பாட்டுக்கும் படத்துக்கும் பழகியிருந்த ‘கேசட்’ என்ற சொல்லே அதற்கும் போதுமானதாக இருந்தது.

அந்தக் கேசட்டுகளின் மேலட்டை தனி ஆய்வுக்குரியது. ‘9999 இன் 1’ என்று அச்சிட்டிருக்கும். பட்டியலைத் திறந்தால் எண்கள் பக்கம்பக்கமாக ஓடும். உள்ளே இருப்பவை சில ஆட்டங்களே. அதே மரியோ மூன்றாம் உலகத்தில் தொடங்கினால் ஓர் எண், வேறு கட்டத்தில் தொடங்கினால் இன்னோர் எண். இந்திய வீடியோ கேம் வரலாற்றில் மிகுதி என்னும் கருத்து முதன்முதலில் இப்படி ஒரு பொய்யாகத்தான் நுழைந்தது. ஆனால் அப்பொய்யால் ஏமாந்தவர் எவருமில்லை என்பதே சுவையான செய்தி. ஒரு வார விடுமுறையில் அப்பட்டியலில் உண்மையில் எத்தனை ஆட்டங்கள் உள்ளன என்பது தெருப்பிள்ளைகள் அனைவருக்கும் மனப்பாடமாகிவிடும்.

சூப்பர் மரியோ பிரதர்ஸில் 8 உலகங்கள், உலகத்துக்கு 4 கட்டங்களாக 32 கட்டங்கள். ஆட்டத்தின் நடுவே நிறுத்திவைத்துச் சேமிக்கும் வசதி அதில் கிடையாது. மின்வெட்டு வந்தால் எல்லாம் போயிற்று, மறுபடி முதலிலிருந்து. இருந்த சில ஆட்டங்களும் கடினமானவை. ஆகையால் ஒரே ஆட்டம் மாதக்கணக்கில் நீடித்தது. கான்ட்ராவில் 30 உயிர்களைத் தரும் பொத்தான் வரிசை, 1986இல் கிரேடியஸ் ஆட்டத்தை ஃபேமிகாமுக்கு மாற்றிய கசுஹிசா ஹாஷிமோட்டோ சோதித்துப் பார்ப்பது தமக்கே கடினமாக இருந்ததால் புகுத்திய ஒரு குறுக்குவழியிலிருந்து வந்தது. வெளிநாட்டு விளையாட்டிதழ்கள் எட்டாத இந்திய ஊர்களுக்கு அது வாய்மொழியாகவே பரவியது. கேசட் இயங்காவிட்டால் அதன் வாயில் ஊதிச் செருகும் வழக்கமும் அப்படிப் பரவியதே. ஊதுவதால் எச்சில் ஈரம் பட்டுச் செம்புத் தொடுமுனைகள் கெடும் என்று செய்த நிறுவனம் எச்சரித்தபோதும் எந்தச் சிறுவனும் கேட்டதாகத் தெரியவில்லை.

இங்கே கருதத்தக்கது கைமாற்று. ஒரு வீட்டில் இரண்டு கேசட், அடுத்த வீட்டில் ஒன்று, மூன்றாம் வீட்டில் பெட்டி மட்டும். கேசட் ஒருவர் கையில் இருந்தால் மற்றவர் கையில் இராது. எனவே கொடுக்கல்வாங்கலுக்குத் தவணை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை திருப்பித் தரவேண்டும் என்றால் சனிக்கிழமை இரவுக்குள் ஆடியாக வேண்டும். வாடகைக்குத் தந்த கடைகளிலும் மணிக்கணக்கில் காசு வாங்கிய கூடங்களிலும் இதே நெருக்கடிதான். நிலுவை தோன்றுவதற்கு ஓர் அடிப்படை நிபந்தனை உண்டு: பொருள் கையில் இருக்க வேண்டும், அதைத் திருப்பிக் கேட்க யாரும் இருக்கக் கூடாது. 1990களின் ஆட்டக்காரனுக்கு இரண்டும் வாய்க்கவில்லை.

2000ஐ ஒட்டிக் கணினிக் குறுந்தகடு வந்தபோது நிலைமை ஓரளவு மாறியது. தில்லியில் கன்னாட் பிளேஸின் அடியிலுள்ள பாலிகா பஜார், நேரு பிளேஸ், மும்பையின் லாமிங்டன் சாலை, சென்னையின் பர்மா பஜார் ஆகிய இடங்களில் திருட்டுக் குறுந்தகடுகள் மலிந்தன. ரோட் ராஷ், ஐ.ஜி.ஐ., வைஸ் சிட்டி ஆகியவை ஒரு தலைமுறையின் பொது நினைவாக மாறியது இவ்வழியில்தான். நகலெடுக்க முடிந்ததால் கொடுத்தவரும் இழக்கவில்லை. ஆயினும் தகடு கைவழியாகவே சென்றது. கொடுத்தவர் ‘எதுவரை போனாய்?’ என்று கேட்பார். ஆட்டத்தைப் பெறுவது அக்கேள்விக்கு விடை சொல்லும் கடப்பாட்டையும் சேர்த்துப் பெறுவதாக இருந்தது.

முறிவு வேறோரிடத்தில் நிகழ்ந்தது. 2003 செப்டம்பர் 12 அன்று வால்வ் நிறுவனம் ஸ்டீமை வெளியிட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் வந்த ஹாஃப் லைஃப் 2 ஆட்டத்தைத் தகடாக வாங்கியவரும் ஸ்டீம் கணக்கில் பதிவு செய்தே ஆடமுடிந்தது. தகடு கையில் இருந்தும் ஆட்டம் கணக்கில் இருந்தது. வீடியோ கேம் உடைமையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் எதுவும் இல்லை என்றே சொல்லலாம்; அன்று அதைப் பெரும்பாலோர் ஒரு நிறுவல் தொல்லையாக மட்டுமே கண்டனர்.

பொருளாக இல்லாத ஒன்றுக்குக் கிடங்கு வேண்டா, பெட்டி வேண்டா, விலையைத் தரைமட்டத்துக்கு இறக்கினாலும் விற்பவருக்கு நட்டமில்லை. ஆண்டுதோறும் கோடையிலும் குளிர்காலத்திலும் ஸ்டீம் நடத்திய பெருந்தள்ளுபடிகள் இவ்வாறு பிறந்தன. 2010 மே மாதத்தில் ஹம்பிள் இண்டி பண்டில், விரும்பிய விலை கொடுத்து ஆட்டக் கட்டு ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம் என்றது. ஒன்றுக்காக வாங்கியவர் கணக்கில் மற்றவையும் சேர்ந்தன. 2015இல் ஸ்டீம் இந்திய ரூபாயில் விலை சொல்லத் தொடங்கியது. டாலர் விலையும் பன்னாட்டுக் கடனட்டையும் தடுத்துவைத்திருந்த மாணவர்கள் உள்ளே வந்தனர். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் தரவின் விலை சரிந்தது. 2018 டிசம்பரில் தொடங்கிய எபிக் கடை குறித்த இடைவெளிகளில் ஆட்டங்களை இலவசமாகவே வழங்கிற்று. மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் 2017இலேயே மாதச் சந்தா முறையைக் கொண்டுவந்திருந்தது. 2024இல் மட்டும் ஸ்டீமில் 18,000க்கும் மேற்பட்ட புதிய ஆட்டங்கள் வெளியாயின. ‘9999 இன் 1’ அட்டையின் பொய் ஒருவழியாக மெய்யாகிவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் இப்போது எவருக்கும் மனப்பாடமில்லை.

நிலுவையைக் கணக்கிடும் கருவிகளும் இதே காலத்தில் தோன்றின. ஓர் ஆட்டத்தை முடிக்க எத்தனை மணிநேரம் ஆகும் என்று ஆடியவர்களிடமிருந்தே திரட்டிச் சொல்லும் ஹவ் லாங் டு பீட் தளம் இவற்றுள் பெயர்பெற்றது. பெர்சோனா 5 போன்ற ஆட்டத்துக்கு ஏறத்தாழ நூறு மணிநேரம் என்று கண்டால், நாளுக்கு ஒரு மணிநேரம் ஒதுக்கக்கூடிய பணியாளருக்கு அது மூன்று மாதத்துக்கும் மேல். ‘இப்போது ஆடுவது’, ‘அடுத்து’, ‘கைவிட்டது’ என்று பட்டியலிட்டு நண்பர்களிடம் பகிரும் வழக்கம் இங்கிருந்து வளர்ந்தது. இதை வெறும் தற்பெருமையாகக் கொள்ளும் விமரிசனம் மேலோட்டமானது. தவணை சொல்லிக் கேட்க யாருமில்லாத ஆட்டக்காரர், தமக்குத் தாமே ஒரு தவணைக்காரரைத் தேடிக்கொள்ளும் முயற்சி அது. ‘எதுவரை போனாய்?’ என்று கேட்க ஆள் வேண்டியிருக்கிறது.

கைமாற்று எப்படி மறைந்தது என்பதில் ஒரு சட்ட வரலாறும் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரல்களை வணிக நோக்கில் வாடகைக்கு விடுவதை உரிமையாளரின் தனியுரிமையாக வைக்கிறது. தெருவில் வாடகைக்கு விட்ட கடைகள் அதன் பார்வையில் குற்றவாளிகள். ஆனால் ஒருவர் தாம் வாங்கிய அசல் தகட்டை நண்பருக்குக் கைமாற்றாகத் தருவது வணிக வாடகையாகாது. அந்தச் சிறு இடைவெளியையும் உரிம ஒப்பந்தங்கள் அடைத்தன. 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியில் பழைய தகடுகளைப் பிறருக்குக் கொடுப்பதற்குக் கட்டுப்பாடுகள் அறிவிக்கப்பட்டபோது உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. சோனி தன் கருவியில் ஆட்டத்தைப் பகிர்வது எப்படி என்று ஒரு சில நொடிக் காணொளி வெளியிட்டது: ஒருவர் தகட்டை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார், அவ்வளவே. ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. ஆட்டக்காரர்கள் வென்றதாகக் கொண்டாடினர். தகட்டின் வழியாக வென்றதைத் தரவிறக்கத்தின் வழியாக அவர்கள் சில ஆண்டுகளில் தாமே கைவிட்டனர் என்பது அக்கதையின் அதிகம் பேசப்படாத பிற்பகுதி.

தி க்ரூ என்ற கார்ப்பந்தய ஆட்டம் 2014இல் வெளிவந்தது. 2024 மார்ச் 31 அன்று யுபிசாஃப்ட் அதன் வழங்கிகளை நிறுத்தியது. தனியாக ஆடுவதற்கும் அவ்வழங்கிகளே தேவை என்பதால் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு அது இல்லாமலே போயிற்று. என்றேனும் ஆடலாம் என்று நிலுவையில் வைத்திருந்தவர்களுக்கு அந்த ‘என்றேனும்’ அன்றோடு முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னியாவில் கையெழுத்தான ஒரு சட்டம், விற்கப்படுவது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லை இணையக் கடைகள் பயன்படுத்தக்கூடாது என்றது. அச்சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வருமுன்பே ஸ்டீம் தன் கட்டணப் பக்கத்தில் அவ்வறிவிப்பைச் சேர்த்துவிட்டது. ஸ்டீம் கணக்கை உயிலின் வழியாகவும் மாற்ற இயலாது என்று அதன் உதவிப்பிரிவு பதிலளித்த செய்தியும் 2024இல் வெளியாயிற்று. தகப்பனின் கேசட் பெட்டி மகளுக்குப் போகும். தகப்பனின் ஸ்டீம் நூலகம் விதிப்படி போகாது.

ஆராய்ச்சியாளருக்கு இதனால் நேரும் இடர் வேறுவகையானது. 2023இல் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் நடத்திய ஆய்வு, 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று கடைகளில் முறைப்படி கிடைப்பதில்லை என்று கண்டது. இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டம் நூல்களையும், பின்னர் வந்த திருத்தத்தால் செய்தித்தாள்களையும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு அனுப்பப் பணிக்கிறது. வீடியோ கேம் அதன் வரம்புக்குள் இல்லை. 2020 செப்டம்பர் 2 அன்று தடைசெய்யப்பட்ட 118 செயலிகளுள் பப்ஜி மொபைலும் ஒன்று. மறு ஆண்டு ஜூலையில் அதன் இந்திய வடிவம் வந்தது. 2022இல் அதுவும் நீக்கப்பட்டு 2023இல் திரும்பியது. இவ்விடைவெளிகளில் அவ்வாட்டம் எப்படி இருந்தது, யார் எந்த வடிவத்தை ஆடினர் என்பதற்குப் பொது ஆவணக்காப்பகம் எதையும் நம்பியிருக்க முடியாது. எஞ்சுபவை ஆடியவர்கள் எழுதிவைத்த பட்டியல்களும், திரைப்பிடிப்புகளும், முடிக்காமல் விட்டதற்குச் சொன்ன காரணங்களுமே.

பர்மா பஜாரில் வாங்கிய நகல் கேசட் முப்பதாண்டுக்குப் பின்னும், தொடுமுனைகளைச் சிறிது சாராயத்தால் துடைத்துவிட்டால், பெரும்பாலும் இயங்குகிறது. தி க்ரூவின் அசல் தகடு, பெட்டி பிரிக்கப்படாமலே இருந்தாலும், இயங்காது.