கங்காணியும் சூடோவும்

‘கண்காணி’ என்ற பழஞ்சொல்லே இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் ‘கங்காணி’ ஆனது. தோட்டத் துரையின் அதிகாரத்தில் ஒரு பங்கு மட்டுமே கங்காணியின் கையில். லினக்ஸில் அப்படி அளந்து கொடுக்கும் அதிகாரத்துக்குப் பெயர் சூடோ. ‘சூப்பர்யூசர்’ என்பதோடு ‘செய்’ எனப் பொருள்படும் ‘டூ’ சேர்ந்து பிறந்தது. 1980 வாக்கில் பஃபலோவிலுள்ள நியூயோர்க் அரசுப் பல்கலைக்கழகத்தில் உருவானது.

யாருக்கு எந்தக் கட்டளை என்பது ‘சூடோயர்ஸ்’ கோப்பில் இருக்கும். கொடுத்த உரிமை செல்லவில்லையா? வரிகளின் ஒழுங்கைப் பாருங்கள்: பொருந்தும் வரிகளில் கடைசியானதே செல்லும். கட்டளையின் முழுப்பாதையும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஓர் எழுத்துப் பிழைகூட எல்லோருடைய உரிமையையும் முடக்கிவிடலாம். ஆகவே கோப்பை எப்போதும் ‘விசூடோ’ வழியாகவே திருத்துங்கள். பிழையிருந்தால் சேமிக்குமுன் அது சொல்லிவிடும்.