வட சென்னைக் குத்துச்சண்டையில் காயத் தடுப்பு

வட சென்னைக் குத்துச்சண்டை என்பது சென்னை நகரின் வடபகுதியில் துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் ஒட்டிய ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் முதலிய இடங்களில் வேரூன்றிய விளையாட்டு மரபு ஆகும். மீனவர், துறைமுகத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகள் பலர் இளம் வயதிலேயே இவ்விளையாட்டைக் கற்கத் தொடங்குகின்றனர். எதிராளியின் தலையில் குத்துவது விதிகளுக்கு உட்பட்டதே என்பதால், இளம் வீரர்களைத் தலைக்காயத்திலிருந்து காப்பது பயிற்சியின் முதன்மையான பகுதியாகக் கருதப்படுகிறது. இக்கட்டுரை அம்மரபையும், அதில் ஏற்படக்கூடிய கடுமையான காயங்களையும், அவற்றைத் தடுக்கும் முறைகளையும் விளக்குகிறது.

வரலாறு

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் படைவீரர்கள், மாலுமிகள், ஆங்கிலோ இந்தியர்கள் ஆகியோர் வழியாகக் குத்துச்சண்டை சென்னைக்கு வந்தது. துறைமுகத்தைச் சூழ்ந்த பகுதிகளில் வாழ்ந்த உழைக்கும் மக்கள் அதைத் தமதாக்கிக் கொண்டனர். வீரர்கள் "பரம்பரை" எனப்படும் குழுக்களாகப் பிரிந்து மோதினர். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை ஆகியவை இவற்றுள் நன்கு அறியப்பட்டவை. பரம்பரை என்பது இங்கு குருதி உறவை மட்டும் குறிப்பதன்று. ஒரே ஆசானிடம் பயின்றவர்களின் வழியையும் குறிக்கும். பயிற்சியாளர் "வாத்தியார்" என அழைக்கப்படுகிறார்.

1980 ஆம் ஆண்டில் உலகப் புகழ்பெற்ற வீரர் முகம்மது அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டியில் கலந்துகொண்டார். தமிழ்நாட்டு வீரரான வி. தேவராஜன் 1994 ஆம் ஆண்டு பாங்காக்கில் நடைபெற்ற உலகக் கோப்பைக் குத்துச்சண்டைப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். பூலோகம் (2015), இறுதிச்சுற்று (2016), பா. ரஞ்சித் இயக்கிய சார்பட்டா பரம்பரை (2021) ஆகிய திரைப்படங்கள் இம்மரபைப் பின்னணியாகக் கொண்டவை.

கடுமையான காயங்கள்

மூளை அதிர்ச்சி

மூளை, மண்டையோட்டுக்குள் மூளைத் தண்டுவட நீர்மத்தால் சூழப்பட்டுள்ளது. தாடையின் பக்கவாட்டில் குத்து விழும்போது தலை திடீரெனச் சுழல்கிறது. மூளையும் சுழற்சிக்கு உள்ளாகி அதன் நரம்பிழைகள் இழுபடுகின்றன. இதனால் ஏற்படும் தற்காலிகச் செயல் குறைபாடு மூளை அதிர்ச்சி எனப்படும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், மங்கலான பார்வை, நினைவுக் குழப்பம், வழக்கத்துக்கு மாறான எரிச்சல் ஆகியவை இதன் அறிகுறிகளாகும். மூளை அதிர்ச்சிக்கு உள்ளானவர்களில் பெரும்பாலானோர் நினைவு இழப்பதில்லை. எனவே மயங்கி விழாதவருக்குக் காயம் இல்லை என்று கொள்வது தவறாகும்.

மூளையுறைக்குக் கீழ் இரத்தக் கசிவு

குத்துச்சண்டையில் நிகழும் உயிரிழப்புகளுக்கு முதன்மையான காரணம் இதுவே. மூளையின் மேற்பரப்பையும் வெளியுறையையும் இணைக்கும் சிறு சிரைகள் அறுந்து, இரத்தம் தேங்கி மூளையை அழுத்துகிறது. வீரர் முதலில் தெளிவாகப் பேசி நடமாடிவிட்டு, சிறிது நேரம் கழித்து மயங்கி விழுவதும் உண்டு. உடனடி அறுவைச் சிகிச்சையே உயிரைக் காக்கக்கூடியது.

இரண்டாவது அடி

முதல் மூளை அதிர்ச்சி முழுமையாகக் குணமடையும் முன் தலையில் மீண்டும் அடிபட்டால், அவ்வடி சிறியதாக இருப்பினும் மூளை விரைவாக வீங்கக்கூடும். அரிதான இந்நிலை பெரும்பாலும் பதின்ம வயதினரிடமும் இளைஞரிடமும் பதிவாகியுள்ளது; உயிரிழப்பு நேரிடலாம்.

நெடுங்காலப் பாதிப்பு

பல ஆண்டுகளாகத் தலையில் அடிபட்டவர்களுக்கு நடை தளர்வு, பேச்சுக் குழறல், மறதி ஆகியவை தோன்றுவதை அமெரிக்க மருத்துவர் ஆரிசன் மார்ட்லண்ட் 1928 ஆம் ஆண்டில் விவரித்தார். இது நாட்பட்ட மூளைச் சிதைவு நோயாகப் பின்னர் அறியப்பட்டது. மயக்கமடையச் செய்யும் குத்துகள் மட்டுமன்றி, அன்றாடப் பயிற்சியில் வாங்கும் சிறு குத்துகளும் சேர்ந்து இதற்குக் காரணமாகின்றன.

உயிரிழப்பு நிகழ்வுகள்

1982 நவம்பரில் அமெரிக்காவின் லாசு வேகாசு நகரில் ரே மன்சினியுடன் மோதிய தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ 14 ஆவது சுற்றில் வீழ்ந்து, சில நாட்களில் மூளைக் காயத்தால் இறந்தார். இதையடுத்து உலகக் குத்துச்சண்டை மன்றம் பட்டப் போட்டிகளை 15 சுற்றுகளிலிருந்து 12 சுற்றுகளாகக் குறைத்தது.

நெருங்கிய விளையாட்டான கிக் பாக்சிங்கில் சென்னையிலேயே ஓர் உயிரிழப்பு நிகழ்ந்துள்ளது. 2022 ஆகத்து மாதம் நேரு உள்விளையாட்டரங்கில் நடைபெற்ற தேசியப் போட்டியில் காயமடைந்த அருணாசலப் பிரதேச இளைஞர் ஒருவர், ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் உயிரிழந்தார். அதற்கு முந்தைய மாதம் பெங்களூரில் நடந்த ஒரு போட்டியிலும் இளம் வீரர் ஒருவர் தலைக்காயத்தால் இறந்தார்.

தடுப்பு முறைகள்

பாதுகாப்புச் சாதனங்கள்

* தலைக்கவசம்: வெட்டுக்காயங்களையும் காதுக் காயங்களையும் குறைக்கிறது. தலை சுழல்வதைத் தடுக்காததால் மூளை அதிர்ச்சியை முழுமையாகத் தடுப்பதில்லை. 1984 ஒலிம்பிக்கில் கட்டாயமாக இருந்த இக்கவசம், 2013 இல் மூத்தோர் பிரிவு ஆண்கள் போட்டிகளில் நீக்கப்பட்டது. பெண்களும் இளையோரும் தொடர்ந்து அணிந்தனர்.
* பற்காப்பு: பற்களையும் உதடுகளையும் காக்கிறது.
* கையுறையும் கைக்கட்டும்: விரல்களின் அடியெலும்பு முறிவைக் குறைக்கின்றன. மோதல் பயிற்சியில், போட்டியில் அணிவதைவிடக் கனமான 14 அல்லது 16 அவுன்சு கையுறைகள் பயன்படுத்தப்படுகின்றன.
* தளம்: வீழும் வீரரின் பின்தலை கடினமான தரையில் மோதுவது குத்தைவிட ஆபத்தாகலாம். சிமெந்துத் தரையில் நேருக்கு நேர் மோதல் பயிற்சி அளிப்பது தவிர்க்கப்பட வேண்டும்.

மோதல் பயிற்சியைக் கட்டுப்படுத்தல்

வீரர் ஒருவர் போட்டிகளில் வாங்கும் குத்துகளைவிடப் பயிற்சியில் வாங்கும் குத்துகள் மிகுதியாகலாம். எனவே தலையில் விழும் குத்துகளின் மொத்த எண்ணிக்கையைக் குறைப்பதே சிறந்த தடுப்பு முறையாகும். கயிறு தாண்டல், கடற்கரை மணலில் ஓட்டம், நிழல் குத்து, குத்துப்பைப் பயிற்சி ஆகியவை தலையில் அடிபடாமல் உடல் திறனை வளர்ப்பவை. கழுத்துத் தசைகளை வலுப்படுத்துவதும், காலசைவும் தற்காப்பும் நன்கு பழகிய பின்னரே நேரடி மோதலை அனுமதிப்பதும் பரிந்துரைக்கப்படுகின்றன. எடை, வயது, அனுபவம் ஆகியவற்றில் பெரிதும் வேறுபட்ட இருவரை மோதவிடக் கூடாது.

எடைக் குறைப்பும் வெப்பமும்

குறைந்த எடைப்பிரிவில் போட்டியிடுவதற்காகச் சில வீரர்கள் நீர் அருந்தாமல், தடித்த உடையணிந்து ஓடி வியர்வையை வெளியேற்றுகின்றனர். சென்னையின் கடலோரக் காற்றில் ஈரப்பதம் மிகுதி. வியர்வை எளிதில் ஆவியாகாததால் உடல் குளிர்வதில்லை. இதனால் வெப்பத் தாக்கு ஏற்படலாம். உடல் வெப்பநிலை 40 பாகை செல்சியசைக் கடந்து குழப்பமோ மயக்கமோ தோன்றினால், உடலைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தியோ நீர் ஊற்றியோ உடனே குளிர்விக்க வேண்டும். கோடையில் அதிகாலையிலோ மாலையிலோ பயிற்சி செய்வது இவ்வாபத்தைக் குறைக்கும்.

போட்டி விதிகள்

அமெச்சூர் போட்டிகளில் நடுவர், தடுமாறும் வீரருக்கு எட்டு வரை எண்ணி அவகாசம் தருவார். தேவையெனில் போட்டியை நிறுத்துவார். மேடையருகில் மருத்துவர் இருப்பதும், போட்டிக்கு முன் மருத்துவச் சோதனை நடைபெறுவதும் கட்டாயமாகும். பயிற்சியாளரும் துண்டை வீசித் தம் வீரரை விலக்கிக்கொள்ளலாம். தலைக்குத்தால் தோற்ற வீரர் குறிப்பிட்ட காலத்துக்குப் போட்டியிடவோ மோதல் பயிற்சி செய்யவோ கூடாது. மீண்டும் மீண்டும் அவ்வாறு தோற்றால் தடைக்காலம் நீளும்.

முதலுதவி

தலையில் அடிபட்ட வீரரை அன்று மீண்டும் மேடையேற்றக் கூடாது. அவரைத் தனியே விடாமல் ஒருவர் உடனிருந்து கவனிக்க வேண்டும். பின்வருவனவற்றில் ஒன்று தோன்றினாலும் தாமதியாமல் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்:

* அதிகரித்து வரும் தலைவலி
* தொடர் வாந்தி
* வலிப்பு
* எழுப்ப இயலாத தூக்கம்
* கை அல்லது கால் வலுவிழத்தல்
* கண்மணிகள் ஒன்றுக்கொன்று அளவில் வேறுபடுதல்

வட சென்னைப் பகுதிக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் அருகில் அமைந்துள்ளன. நினைவிழந்தவரின் கழுத்தை அசைக்கக் கூடாது. நீர் புகட்டுவதும் கூடாது.

பயிற்சிக்குத் திரும்புதல்

விளையாட்டில் மூளை அதிர்ச்சி குறித்து 2022 ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் நடைபெற்ற பன்னாட்டு மாநாடு, படிப்படியாகத் திரும்பும் முறையைப் பரிந்துரைத்தது. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓரளவு ஓய்வு. பின்னர் அன்றாட வேலைகள், நடை, மெதுவான ஓட்டம் எனத் தொடர வேண்டும். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் தேவை. அறிகுறிகள் முற்றிலும் நீங்கி, மருத்துவர் அனுமதித்த பின்னரே மோதல் பயிற்சி தொடங்கலாம். பதின்ம வயதினர் குணமடையப் பெரியவர்களைவிடக் கூடுதல் நாட்கள், சில வேளை நான்கு வாரங்கள் வரை, ஆகலாம். பள்ளிக்கு முழுமையாகத் திரும்புவது போட்டிக்குத் திரும்புவதற்கு முன் நிகழ வேண்டும்.

பயிற்சியாளரின் பங்கு

இம்மரபில் வாத்தியாரின் சொல்லுக்கு மாணவர் மறுப்புக் கூறுவது அரிது. வலியைத் தாங்குவது வீரம் என்றும், தோல்வி பரம்பரையின் மானத்தைப் பாதிக்கும் என்றும் கருதப்படும் சூழலில், இளம் வீரர்கள் அறிகுறிகளை மறைப்பதுண்டு. விளையாட்டுத் தகுதி வழியாகக் கல்லூரி இடமோ அரசு வேலையோ பெறும் எதிர்பார்ப்பும் இதற்குக் காரணமாகும். எனவே விலகும் முடிவை வீரரிடம் விடாமல், வாத்தியாரே எடுப்பது பாதுகாப்பானது. தலைவலியைச் சொன்ன மாணவர் அணியில் தம் இடத்தை இழக்கமாட்டார் என்ற நம்பிக்கை இருக்கும் கூடத்தில் காயங்கள் விரைவில் தெரியவருகின்றன.

மருத்துவ அமைப்புகளின் நிலைப்பாடு

உலக மருத்துவச் சங்கம் 1983 ஆம் ஆண்டில் குத்துச்சண்டையைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. 2011 ஆம் ஆண்டில் அமெரிக்க, கனடிய குழந்தை மருத்துவ அமைப்புகள், சிறுவரும் பதின்ம வயதினரும் இவ்விளையாட்டில் ஈடுபடுவதை எதிர்த்துக் கூட்டறிக்கை வெளியிட்டன. ஒழுங்கு, உடல்நலம், வேலைவாய்ப்பு, சமூக மதிப்பு ஆகியவற்றை இவ்விளையாட்டு அளிக்கிறது என்பது ஆதரவாளர்களின் வாதமாகும். தலைக்குத்தின்றிக் குத்துப்பை, காலசைவு ஆகியவற்றை மட்டும் பழகும் உடற்பயிற்சி முறை இவ்விரு தரப்புக்கும் இடைப்பட்ட வழியாக உள்ளது. சிறுவர்களுக்கு இது ஏற்றது.