வாசற்படியிலிருந்து ஆலயத்திற்குள்: இங்கிலாந்தில் கேரல் ஆராதனையும் அறக்கொடையும் (1822–1928)

ஆய்வுச்சுருக்கம்

கிறிஸ்துமஸ் காலக் கேரல் ஆராதனை இன்று பெரும்பாலும் அறப்பணிக்கு நிதி திரட்டும் நிகழ்வாகவும் அமைகிறது. பாடுவோர், கொடுப்போர், பெறுவோர் எனும் முத்தரப்பும் இதில் தனித்தனியே நிற்கின்றனர். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதிவரை இங்கிலாந்தில் கேரல் பாடியவரே கொடையைப் பெற்றவராகவும் இருந்தார். வீட்டு வாசலில் வழங்கிய கீதம் ஆலயத்தினுள் இடம்பெயர்ந்தபோது கொடையின் இயல்பு எவ்வாறு மாறியது என்பதையும், ஆராதனையைத் திட்டமிடும் முறையில் அம்மாற்றம் எவ்வாறு பதிந்துள்ளது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கேரல், ஒன்பது பாடங்கள், ட்ரூரோ, கிங்ஸ் கல்லூரி, பரிசில், ஈகை, காணிக்கை.

முன்னுரை

ஓர் ஆலயத்தில் அறப்பணிக்கான கேரல் ஆராதனையைத் திட்டமிடுவோர் சில வினாக்களுக்கு முன்கூட்டியே விடை காண வேண்டும். எந்தப் பாடல்கள், எந்த வரிசையில்? வேதபாடங்களை வாசிப்போர் யாவர்? காணிக்கை எப்போது எடுக்கப்படும்? அது யாருக்குச் செல்லும்? இவ்வினாக்களும் இவற்றுக்கு வழக்கமாகத் தரப்படும் விடைகளும் மிகப் பழமையானவைபோலத் தோன்றுகின்றன. எனினும் இன்று அறியப்படும் ஆராதனை ஒழுங்கு 1880ஆம் ஆண்டில் உருப்பெற்றது. அதற்கு முந்தைய கேரல் மரபில் கடைசி வினாவுக்கு இடமே இல்லை. பாடியவர் கையில் கொடை நேரே சேர்ந்தது.

பாடுவோர் பெறுவதைப் பரிசில் என்றும், வறியவர்க்குக் கொடுப்பதை ஈகை என்றும் வேறுபடுத்தும் தமிழ்ச் சொல்வழக்கு இம்மாற்றத்தை விளங்கிக்கொள்ள ஏற்ற கருவியாகிறது. பரிசில் ஒரு கைம்மாறு; பெறுபவர் ஏதேனும் ஒன்றை அளித்தபின் பெறுகிறார். ஈகை கைம்மாறு கருதாதது. அதனைப் பெறுபவர் எதையும் அளிக்கத் தேவையில்லை. இங்கிலாந்தின் கேரல் வரலாற்றைப் பரிசிலிலிருந்து ஈகைக்குச் சென்ற வரலாறாகக் காணலாம்.

வாசலில் வழங்கிய கீதம்

1647ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பாராளுமன்றம் கிறிஸ்துமஸ் உள்ளிட்ட திருநாள்களை நீக்கியது. 1660இல் முடியாட்சி மீண்டபோது திருநாளும் மீண்டது. ஆயினும் கேரல்கள் ஆலய வழிபாட்டில் உடனே இடம்பெறவில்லை. திருச்சபை வழிபாட்டில் சங்கீதங்களின் செய்யுள் வடிவங்களே முதன்மை பெற்றிருந்தன. மேய்ப்பர்களுக்குத் தேவதூதன் தோன்றியதைப் பாடும் நேஹம் டேட்டின் பாடல் 1700இல் அவற்றோடு சேர்க்கப்பட்டது ஓர் அரிய விலக்கு. ஆகவே, கேரல்கள் பெரும்பாலும் ஆலயத்திற்கு வெளியே, மக்களின் நாவிலும் மலிவுவிலைத் துண்டுத்தாள்களிலும் வாழ்ந்தன.

அவ்வாழ்வு கொடையோடு பிணைந்தது. வாசெயில் எனப்படும் வாழ்த்துப் பாடல்களைப் பாடிச் சென்ற குழுவினர் வீட்டாருக்கும் அவர்தம் கால்நடைக்கும் விளைச்சலுக்கும் நலம் வேண்டினர்; பதிலுக்கு மதுவும் உணவும் காசும் பெற்றனர். கொடாத வீட்டாருக்கு விளையாட்டான எச்சரிக்கை விடுக்கும் அடிகளும் இப்பாடல்களில் உண்டு. டிசம்பர் 21ஆம் நாளாகிய புனித தோமையார் திருநாளில் ஏழைப் பெண்களும் கைம்பெண்களும் வீடுதோறும் சென்று தானியமும் காசும் பெறும் வழக்கமும் பல ஊர்களில் நிலவியது. நகரங்களில் வெயிட்ஸ் எனப்பட்ட நகராட்சி இசைக்கலைஞர் இரவில் வாசித்துத் திரிந்தனர். 1835ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்திற்குப் பின் அவர்களது பதவி மறைந்தது. பெயர் மட்டும் கிறிஸ்துமஸ் காலத்தில் தெருவில் பாடுவோருக்கு ஒட்டிக்கொண்டது.

இவ்வழக்கங்களை வெறும் இரத்தல் எனக் கொள்வது பொருந்தாது. பாடுவோர் வாழ்த்தை அளித்தனர். வீட்டார் பொருளை அளித்தனர். ஆண்டில் ஒருநாளேனும் செல்வர் வாசலில் நின்று குரலெழுப்பும் உரிமை எளியவருக்கு இருந்தது. தம் தேவையைத் தாமே சொல்லும் உரிமையும் அதில் அடங்கும்.

இருவகை வேண்டுநர்: டிக்கன்ஸ் தரும் சான்று

1834ஆம் ஆண்டு வறியோர் சட்டத் திருத்தம் ஏழைகளுக்கான உதவியை வேலை இல்லங்களோடு பிணைத்தது. அதன் நிழலில் 1843 டிசம்பர் 19 அன்று வெளியானது சார்லஸ் டிக்கன்ஸின் 'கிறிஸ்துமஸ் கேரல்'. இக்குறுநாவலின் முதற்பகுதியில் கருமியாகிய ஸ்க்ரூஜிடம் இருவகை வேண்டுநர் வருகின்றனர். முதலில், ஏழைகளுக்கு உணவும் கணப்பும் வாங்க நிதி திரட்டும் கனவான்கள் இருவர் அலுவலகத்தினுள் வந்து, எவ்வளவு எழுதிக்கொள்ளலாம் எனக் கேட்கின்றனர். அடுத்து, குளிரில் வாடிய சிறுவன் ஒருவன் கதவின் சாவித்துளையருகே குனிந்து கேரல் பாடத் தொடங்குகிறான். முன்னவரை ஸ்க்ரூஜ் சிறைகளையும் வேலை இல்லங்களையும் சுட்டிப் பேசித் திருப்பி அனுப்புகிறார். சிறுவனையோ அளவுகோலை ஓங்கி விரட்டுகிறார்.

கதையின் முடிவு இங்குக் கருதத்தக்கது. மனம் மாறிய ஸ்க்ரூஜ் மறுநாள் தெருவில் அக்கனவான்களுள் ஒருவரைக் கண்டு, பழைய நிலுவையும் சேர்த்துப் பெருந்தொகை தருவதாக அவர் காதில் சொல்கிறார். பாடிய சிறுவனை நினைத்து, அவனுக்கு ஏதேனும் கொடுத்திருக்கலாமே என இடையில் வருந்தியவரும் அவரே. ஆயினும் அச்சிறுவன் கதையில் மீண்டும் வருவதில்லை. அவனுக்குரியது அவனைச் சென்றடையவில்லை. நிறுவனம்சார் நிதிதிரட்டலுக்கு நிலுவை தீர்கிறது. வாசலில் பாடியவனின் பரிசில் தீராக் கடனாகவே நின்றுவிடுகிறது. டிக்கன்ஸ் இதனைக் கருதியே அமைத்தார் எனக் கொள்ள வேண்டியதில்லை. எனினும், பின்வந்த பதிற்றாண்டுகளில் நிகழ்ந்ததன் திசையை இக்கதையமைப்பு காட்டுகிறது.

தொகுப்பும் தூய்மையும்

இக்காலத்தே கேரல்கள் அச்சுத் தொகுப்புகளாயின. கார்ன்வாலைச் சேர்ந்த டேவிஸ் கில்பர்ட் 1822இல் வெளியிட்ட தொகுப்பு, மேற்கு இங்கிலாந்தில் முன்பு பாடப்பட்ட கேரல்கள் எனத் தலைப்பிலேயே அவற்றை இறந்தகாலத்தில் வைத்தது. 1833இல் வில்லியம் சாண்டிஸின் தொகுப்பு வந்தது. ஹென்றி ராம்ஸ்டன் பிராம்லியும் ஜான் ஸ்டெய்னரும் 1871இல் வெளியிட்ட தொகுப்பு, பயிற்சிபெற்ற ஆலயப் பாடகர் குழுக்களுக்கு ஏற்ற இசையமைப்புடன் கேரல்களை வழங்கியது. மக்களின் நினைவில் இருந்தது புத்தகத்திற்கும், புத்தகத்திலிருந்து பாடகர் குழுவிற்கும் சென்றது.

ஜான் மேசன் நீல் 1853இல் வெளியிட்ட, நல்லரசர் வென்செஸ்லாஸைப் பற்றிய கேரலும் இவ்வகையில் நோக்கத்தக்கது. 1582இல் அச்சான 'பியே கான்சியோனஸ்' தொகுப்பின் வசந்தகாலப் பாடலொன்றின் மெட்டுக்கு நீல் எழுதிய கதைப்பாடல் இது. புனித ஸ்தேவான் திருநாளில் அரசர் பனியில் நடந்து ஏழை ஒருவனுக்கு உணவும் மதுவும் விறகும் கொண்டுசெல்கிறார். நீல் 1846 முதல் 1866இல் இறக்கும்வரை ஈஸ்ட் கிரின்ஸ்டெட் ஊரில் உள்ள சாக்வில் கல்லூரி எனும் முதியோர் அறநிலையத்தின் பொறுப்பாளராக இருந்தவர். வறுமையை நேரில் அறிந்தவர். வாசெயில் பாடல்களில் ஏழை செல்வரின் வாசலுக்கு வருகிறார். இக்கேரலிலோ செல்வர் ஏழையின் வாசலுக்குச் செல்கிறார். கொடையின் கடப்பாடு அழுத்தம் பெறுகிறது. ஆனால் ஏழைக்குப் பாடலில் ஒரு சொல்கூட இல்லை. அரசரும் பணியாளனுமே பேசுகின்றனர்.

கிராம ஆலயங்களிலும் மாற்றம் நிகழ்ந்தது. ஆலயத்தின் மேல்மாடத்தில் அமர்ந்து நரம்பிசைக் கருவிகளோடு பாடிய ஊர்க் குழுக்களின் இடத்தை ஆர்கன் கைப்பற்றியது. கிறிஸ்துமஸ் இரவில் வீடுவீடாகச் சென்று பாடும் அத்தகைய குழு ஒன்றையும் அதன் வீழ்ச்சியையும் தாமஸ் ஹார்டி 1872ஆம் ஆண்டு நாவலில் சித்திரித்துள்ளார்.

ட்ரூரோ: 1878, 1880

கார்ன்வாலின் ட்ரூரோ நகரில் இம்மாற்றம் நாள்குறித்து அறியக்கூடியதாக உள்ளது. 1878 டிசம்பரில் அவ்வூர்ச் செய்தித்தாளான 'ராயல் கார்ன்வால் கெசட்', கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு 10 மணிக்குப் பாடகர் குழு பேராலயத்தில் கேரல்கள் பாடும் என அறிவித்தது. சபையாரின் இல்லங்களுக்குச் சென்று பாடும் வழக்கத்தைக் குழு இனித் தொடராது என்பதும் அவ்வறிவிப்பில் இடம்பெற்றது. வாசல் கைவிடப்பட்டதும் ஆலயம் தெரிவுசெய்யப்பட்டதும் ஒரே செய்தியில் பதிவாகியுள்ளன.

இரண்டாண்டுகளுக்குப் பின் அந்நிகழ்வு ஒழுங்கமைந்த ஆராதனையாயிற்று. புதிய பேராலயத்தின் கட்டுமானத்திற்காகப் பழைய புனித மரியாள் ஆலயம் இடிக்கப்பட்டிருந்தமையால் சபை தற்காலிக மரக்கட்டடத்தில் கூடியது. 1880 டிசம்பர் 24 இரவு 10 மணிக்குப் பேராயர் எட்வர்ட் வைட் பென்சன் அங்கே ஒன்பது பாடங்களும் கேரல்களும் கொண்ட ஆராதனையை நடத்தினார். ஜார்ஜ் சாமர்செட் வால்போல் எனும் குருவின் கருத்து இதற்கு வித்திட்டது. பாடங்களை வாசித்தவர் வரிசை பாடகர் குழுச் சிறுவனில் தொடங்கிப் பேராயரில் முடிந்தது. அவ்விரவில் ஆண்களை மதுக்கடைகளிலிருந்து விலக்குவதும் நோக்கமாயிருந்தது என மரபுவழிச் செய்தி கூறுகிறது.

இச்செய்தி கேரலின் பழைய வாழ்விடத்தோடு பொருத்திப் பார்க்கத்தக்கது. வாசெயிலின் பரிசில் பெரும்பாலும் மதுவாக இருந்தது. அதே கீதம் இப்போது மதுவுக்கு மாற்றாக நிறுத்தப்பட்டது. பென்சன் 1883இல் கேன்டர்பரியின் தலைமைப் பேராயரானார். ட்ரூரோ ஒழுங்கு பிற ஆலயங்களுக்கும் பரவியது.

கேம்பிரிட்ஜ், 1918

முதல் உலகப்போர் ஓய்ந்த ஆண்டில் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தின் டீனாகப் பொறுப்பேற்றவர் எரிக் மில்னர்-வைட். போர்முனையில் படைக்குருவாகப் பணியாற்றித் திரும்பியிருந்த அவர், ட்ரூரோ ஒழுங்கைத் தழுவி 1918 டிசம்பர் 24 அன்று அங்கே ஆராதனையை நடத்தினார். அடுத்த ஆண்டே அவ்வொழுங்கைத் திருத்தினார். செசில் பிரான்சஸ் அலெக்சாண்டரின் தாவீதின் ஊர் பற்றிய பாடல் பவனியின் தொடக்கப் பாடலாக 1919 முதல் நிலைபெற்றது.

ஆராதனைத் தொடக்கத்தில் சபையை மன்றாட அழைக்கும் உரையை மில்னர்-வைட் புதிதாக எழுதினார். கேரல்களின் மகிழ்ச்சிக்குள் நுழையுமுன் ஏழைகள், குளிரிலும் பசியிலும் வாடுவோர், ஒடுக்கப்பட்டோர், நோயுற்றோர், துயருறுவோர், தனித்தோர் ஆகியோரை நினைக்குமாறு அது சபையைக் கேட்கிறது. இறந்தோரும் அதில் நினைவுகூரப்படுகின்றனர். போரில் பலரை இழந்திருந்த கல்லூரிக்கு அப்பகுதி வெறும் சடங்காக இருந்திருக்க இயலாது. 1928இல் இவ்வாராதனை வானொலியில் முதன்முறையாக ஒலிபரப்பாயிற்று. 1930 நீங்கலாக ஆண்டுதோறும் தொடர்ந்துவருகிறது. வாசலுக்குச் செல்வதை நிறுத்திய கீதம் அலைவரிசை வழியே மீண்டும் இல்லங்களை அடைந்தது. ஆனால் பாடுவோர் முகத்தை வீட்டாரும், வீட்டார் முகத்தைப் பாடுவோரும் காணவியலாத வருகை அது.

திட்டமிடலின் உட்பொருள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து ஆராதனைத் திட்டத்தின் மூன்று கூறுகள் தெளிவாகின்றன.

முதலாவது, வாசிப்போர் வரிசை. சிறுவனிலிருந்து பேராயர்வரை ஏறும் இவ்வரிசை திருச்சபையின் எல்லாப் படிநிலையினரையும் ஒரே மேடைக்குக் கொணர்கிறது. அதேவேளை படிநிலையை உறுதியும் செய்கிறது. உதவி பெறுவோருக்கு அதில் தனியிடம் இல்லை.

இரண்டாவது, மன்றாட்டு அழைப்பு. வாசலில் தம் தேவையைத் தாமே பாடியவரைப் பற்றி இப்போது பிறர் படர்க்கையில் பேசுகின்றனர். நினைவுகூரப்படுவது சிறப்பே, எனினும் பேசுபவராக இருந்தவர் பேசப்படுபவராக மாறினார்.

மூன்றாவது, காணிக்கை. பாடகர் குழு தனக்கெனப் பெறாமல் மூன்றாமவருக்காகப் பெறுவதால் ஐயத்திற்கு இடமற்ற நம்பகத்தன்மை உருவாகிறது. பெருந்தொகை திரட்டவும் முறையாகப் பகிரவும் இயல்கிறது. வாசலில் பாடும் உடல்வலுவோ குரல்வளமோ இல்லாத நோயாளிக்கும் முதியவருக்கும் உதவி சென்றடைகிறது. பரிசில் பாட வல்லவரை மட்டுமே அடைந்தது. ஈகைக்கு அவ்வரம்பு இல்லை. இந்த ஆதாயத்தை மறைத்துப் பழைய வழக்கத்தைப் போற்றுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. தோமையார் திருநாளில் குளிரில் அலைந்த கைம்பெண்ணுக்கு, அலையாமலே கிடைக்கும் உதவி இழப்பன்று.

ஆங்கிலிக்க மரபைத் தன் வேர்களுள் ஒன்றாகக் கொண்டு 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் தமிழ்ச் சபைகளில் இவ்விரு வடிவங்களும் அருகருகே வாழ்வது ஒப்புநோக்கத்தக்கது. ஆலயத்தினுள் ஒன்பது பாடங்களோடு கேரல் ஆராதனை நடைபெறுகிறது. டிசம்பர் இரவுகளில் குழுவினர் வீடுவீடாகச் சென்று பாடி, மன்றாடி, காணிக்கை பெறும் கேரல் பவனியும் நடைபெறுகிறது. ட்ரூரோவில் ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடித்தது. இங்கு இரண்டும் நிலைத்துள்ளன. ஆயினும் பவனிக் காணிக்கையும் பாடுவோருக்குரிய பரிசிலன்று. சபைப் பணிக்கும் அறப்பணிக்கும் உரியது. வடிவம் வாசலுடையது, கொடையின் இயல்போ ஆலயத்தினுடையது.

முடிவுரை

கேரல் ஆராதனை, பழைய வழக்கமொன்று தடையின்றித் தொடர்ந்துவந்ததன் விளைவன்று. வாசலில் பாடுவதை நிறுத்தும் முடிவும் ஆலயத்தில் பாடும் முடிவும் சேர்ந்து அதனைத் தோற்றுவித்தன. அதனால் கொடை பரந்தது, முறைப்பட்டது, பாட இயலாதோரையும் எட்டியது. எளியவர் தம் குரலில் கேட்கும் வாய்ப்பு அதே அளவில் சுருங்கியது. அறப்பணிக்கான கேரல் ஆராதனையைத் திட்டமிடுவோர் 'யாருக்காகப் பாடுகிறோம்' என்பதை இன்று தவறாது கேட்கின்றனர். அவர்களுள் யாரேனும் பாடகர் வரிசையிலோ வாசிப்போர் வரிசையிலோ இருக்கின்றனரா என்பது 1878ஆம் ஆண்டு முடிவிலிருந்து எழும் மற்றொரு வினா. ஆராதனை ஒழுங்கை மாற்றாமலேயே அதற்கு விடை காண இயலும். ஒன்பது பாடங்களுள் ஒன்றை வாசிக்க அவர்களுள் ஒருவரை அழைப்பதற்கு அவ்வொழுங்கில் தடை ஏதும் இல்லை.