புற்றுநோய்க் கலத்தின் உணவும் நோயாளியின் உணவும்

புற்றுநோய் எனக் கண்டறியப்பட்டவரை நலம் விசாரிக்க வருவோர் கூறும் அறிவுரைகளுள் ஒன்று, சீனியையும் சோற்றையும் அறவே நிறுத்திவிட வேண்டும் என்பதாகும். மன்னார்த் தீவிலிருந்து தெல்லிப்பழைக்கும் மகரகமவுக்கும் சிகிச்சைக்காகச் சென்றுவரும் நம்மவர்களுக்கும் இவ்வறிவுரை புதிதன்று. இதில் ஒரு பாதி உண்மை உண்டு. மறுபாதியை அறியாமையே நோயாளிக்குத் தீங்காகின்றது.

புற்றுநோய்க் கலங்கள் பல, ஒட்சிசன் போதியளவு இருக்கும்போதும் குளுக்கோசைப் பெருமளவில் உள்ளெடுத்து இலற்றிக்கமிலமாக மாற்றுகின்றன. இதனை ஜேர்மனிய விஞ்ஞானி ஒட்டோ வார்பேர்க் 1920களில் கண்டறிந்தார். பெட் ஸ்கேன் பரிசோதனை இவ்வியல்பையே பயன்படுத்துகின்றது. கதிரியக்கம் சேர்த்த குளுக்கோசு போன்ற பொருளொன்று நாளத்தினூடாகச் செலுத்தப்பட்டு, அதனை அதிகம் உள்ளெடுக்கும் இடங்கள் படமாக்கப்படுகின்றன. இக்கருவியை மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் பெற்றுக்கொடுப்பதற்காகக் காதிஜா அறக்கட்டளை 2016இல் நிதி திரட்டியபோது, இன, மத பேதமின்றி மக்கள் அள்ளி வழங்கியமை நினைவுகூரத்தக்கது.

எனினும், எல்லாப் புற்றுநோய்களும் ஒரே உணவை நாடுவதில்லை. ஆண்களின் முன்னிற்கும் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய் ஆரம்பத்தில் குளுக்கோசைக் குறைவாகவே உள்ளெடுப்பதால், அதற்கு வேறு கதிரியக்கப் பொருள்கள் பயன்படுத்தப்படுகின்றன. மூளை இயல்பாகவே மிகுந்த குளுக்கோசைச் செலவிடும் உறுப்பாதலால், அங்குள்ள கட்டி இப்படத்தில் தெளிவாகத் தெரியாது போகலாம். எலிகளில் நடந்த ஆய்வொன்று இதனை மேலும் தெளிவாக்கியது. மிக் எனும் ஒரே பரம்பரையலகினால் தூண்டப்பட்ட கட்டிகளுள், ஈரலில் தோன்றியவை குளுற்றமைன் எனும் அமினோவமிலத்தைச் சிதைத்துப் பயன்படுத்தின; நுரையீரலில் தோன்றியவையோ அதனைத் தாமே உற்பத்தி செய்து சேர்த்துவைத்தன. கலத்தின் அனுசேபம், அது பிறந்த இழையத்தையும் சார்ந்தது என்பதே இதன் பொருள்.

இவ்வேறுபாடு சிகிச்சைக்கு வழிகாட்டுகின்றது. சிறுவர்களைப் பெரிதும் பாதிக்கும் ஒருவகைக் குருதிப் புற்றுநோயின் கலங்கள், அஸ்பரஜீன் எனும் அமினோவமிலத்தைத் தமக்குப் போதியளவு ஆக்கிக்கொள்ள இயலாதவை. குருதியிலுள்ள அஸ்பரஜீனைச் சிதைக்கும் அஸ்பரஜினேஸ் எனும் நொதியம், பல்லாண்டுகளாக அந்நோய்க்கு ஏனைய மருந்துகளுடன் சேர்த்து வழங்கப்படுகின்றது. ஆனால் மார்பகம், நுரையீரல் போன்ற உறுப்புகளின் கட்டிகளுக்கு அது வழமையான மருந்தன்று. எனவே, இழையப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருப்பது வீண் தாமதமன்று. சிகிச்சையின் முதற்படியே அதுதான்.

சீனியை நிறுத்தினால் நோய் பட்டினியால் மாண்டுவிடும் என எண்ணுவது தவறு. நாம் உண்ணாவிடினும் உடல் தன் தசைப் புரதத்தையும் கரைத்துக் குருதியின் குளுக்கோசு அளவைப் பேணிக்கொள்ளும். மெலிவது கட்டியன்று, நோயாளியே. மெலிந்த உடல் மருந்தின் கடுமையைத் தாங்குவதும் அரிது. நீரிழிவு உள்ளவர் குருதிச் சீனியைக் கட்டுப்படுத்துவது அவசியம்; ஆயினும் சோறு, மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றை அளவறிந்து உண்பதற்கு மருத்துவரின் ஆலோசனையைப் பெற வேண்டும். பெட் ஸ்கேனுக்கு முன் சில மணித்தியாலங்கள் உண்ணாதிருப்பது படம் தெளிவாக அமைவதற்கேயன்றிச் சிகிச்சையாக அன்று. றமழான் காலத்தில் சிகிச்சை பெறுவோர், நோயாளிக்கு மார்க்கம் வழங்கியுள்ள சலுகையை மனதிற்கொண்டு, நோன்பு குறித்து மருத்துவரிடமும் உலமாக்களிடமும் முன்கூட்டியே கேட்டறிதல் நன்று.

புற்றுநோய் என்பது ஒரு பெயர், நோய்கள் பல. அடுத்தவரின் நோய்க்கு உதவியது நம் நோய்க்கும் உதவும் என்பதற்கு எவ்வித உத்தரவாதமுமில்லை.