சிறு குழாயிற் பிறந்த பேராற்றல்

நீராவியின் வரலாறு என்றவுடன் ஜேம்ஸ் வாட்டும் ஜோர்ஜ் ஸ்டீவன்சனும் நம் மனக்கண்முன் தோன்றுவர். சுரங்கத்து நீரை இறைத்த பெரும் யந்திரங்களும், இருப்புப்பாதையில் ஓடிய புகையிரதங்களும், சமுத்திரங்களைக் கடந்த கப்பல்களும் அவ்வரலாற்றின் பெரிய அத்தியாயங்கள். ஆனால், மேசைமீது வைத்துப் பார்க்கக்கூடிய சிறிய அத்தியாயமொன்றும் அதில் உண்டு. ஒருவர் கையிலே தூக்கக்கூடிய கொதிகலனை ஆக்கப் பாடுபட்டவர்களின் கதை அது. அதனை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிட இயலாது. எவ்வாறெனில், காற்றினும் பாரமான யந்திரமொன்று, ஆளில்லாமலேனும், தன் சொந்த வலுவினால் வெகுதூரம் பறந்து காட்டியது அத்தகைய சிறு கொதிகலனொன்றின் துணைகொண்டே.

முதலில் கொதிகலனின் இயல்பைச் சிறிது நோக்குவோம். ஆதியில் அது ஒரு பெரிய இரும்புப் பாத்திரம். உள்ளே நிறைய நீர், கீழே நெருப்பு. பின்னர் அந்த நீரினூடே குழாய்களைச் செலுத்தி, அவற்றுள் நெருப்பின் வெப்பத்தை ஓடவிட்டனர். 1829இல் ஸ்டீவன்சனின் 'றொக்கற்' புகையிரத யந்திரத்தில் இவ்வாறான 25 செப்புக் குழாய்கள் இருந்தன. இதனை நெருப்புக்குழாய்க் கொதிகலன் எனலாம். இதன் மறுதலைதான் நீர்க்குழாய்க் கொதிகலன். இங்கே குழாயினுள்ளே நீர், வெளியே நெருப்பு.

உள்ளது வெளியாவதனால் என்ன பயன் என்று கேட்கலாம். பிட்டு அவிக்கும் பானையில் நீரை நிறைய வார்த்தால் ஆவி வரக் காத்திருக்க வேண்டும். சிறிதளவு வார்த்தால் விரைவில் ஆவி எழும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் நன்கறிவர். குழாய்களிற் பகிர்ந்த நீர் அளவிற் சிறிது. அதைத் தீண்டும் வெப்பப் பரப்போ பெரிது. ஆதலால் ஆவி விரைவிற் பிறக்கிறது. மற்றொன்று பலத்தைப் பற்றியது. ஒரே தடிப்பான தகட்டினால் 5 அடி விட்டமுள்ள உருளையும் அரை அங்குல விட்டமுள்ள குழாயும் செய்து, இரண்டிலும் ஒரே அமுக்கத்தில் ஆவியை நிரப்பினால், உருளையின் சுவர் படும் இழுவிசை குழாயின் சுவர் படுவதைப்போல் 120 மடங்காகும். எனவே சிறு குழாயை மெல்லிய தகட்டினாலேயே செய்யலாம், பாரமும் குறையும்.

பெரிய கொதிகலன் வெடித்தால் அதிலுள்ள கொதிநீர் முழுவதும் ஒருங்கே ஆவியாகச் சீறும். 1865ஆம் ஆண்டு ஏப்ரில் 27ஆந் தேதி, அமெரிக்காவின் மிசிசிப்பி நதியிலே 'சுல்தானா' என்னும் கப்பலின் கொதிகலன்கள் வெடித்தபோது 1,100 பேருக்கு மேல் மாண்டனர். உள்நாட்டுப் போரிற் சிறைப்பட்டு, விடுதலை பெற்று, வீடு திரும்பிக்கொண்டிருந்த போர்வீரரே அவருட் பெரும்பாலோர். இத்தகைய விபத்துக்கள் மலிந்த காலத்திலேதான் ஸ்டீபன் வில்கொக்ஸ் என்பார் 1856இல் சாய்ந்த நீர்க்குழாய்களைக் கொண்ட கொதிகலனை ஆக்கினார். 1867இல் அவரும் ஜோர்ஜ் பப்கொக்கும் சேர்ந்து பெற்ற காப்புரிமை, பின்னாளில் மின்சார நிலையங்களின் கொதிகலன்களுக்கு வழிகாட்டியது.

ஆனால், இதே எண்ணம் அதற்கு முன்னரே மிகச்சிறிய உருவில் ஓரிடத்தில் முளைத்திருந்தது. இங்கிலாந்தின் சமர்செற் பகுதியில் சார்ட் என்றோர் ஊர். அங்கு சரிகைப் பின்னல் யந்திரங்களுக்கு நுண்ணிய உறுப்புக்கள் செய்து வாழ்ந்தவர் ஜோன் ஸ்ரிங்பெலோ. வில்லியம் ஹென்சன் என்பவருடன் கூடி ஆகாய நீராவி வண்டியொன்றை அமைக்க அவர் முயன்றார். அம்முயற்சி கைகூடாது போக, ஹென்சன் அமெரிக்கா சென்றுவிட்டார். ஸ்ரிங்பெலோ தளரவில்லை. 1848இல் 10 அடி சிறககலமுள்ள மாதிரி விமானமொன்றைச் செய்தார். மெல்லிய செப்புத் தகட்டினாற் செய்த கூம்புகள் பலவற்றைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, அவற்றுள் நீரை நிரப்பி, கீழே மதுசார விளக்கை ஏற்றினார். அதுவே அவருடைய கொதிகலன். அந்த விமானம் மெய்யாகவே பறந்ததா என்பதில் வரலாற்றாசிரியர் ஒருமித்த கருத்துடையரல்லர். ஆயினும் கொதிகலனின் சிறப்பை எவரும் மறுத்திலர். 1868இல் லண்டன் பளிங்கு மாளிகைக் கண்காட்சியில், பாரத்துக்கு ஏற்ப மிகுந்த வலுத்தரும் யந்திரம் என்று அவருடைய புதிய யந்திரம் 100 பவுண் பரிசு பெற்றது. கொதிகலனுஞ் சேர்ந்து அதன் நிறை 13 இறாத்தலே.

அந்த யந்திரத்தைப் பின்னர் விலைகொடுத்து வாங்கி, வாஷிங்ரன் நூதனசாலையில் வைத்தவர் சாமுவேல் லாங்லி என்னும் வான சாஸ்திரி. அவரும் பறக்கும் யந்திரத்தில் நாட்டங்கொண்டவர். ஒன்றன்பின் ஒன்றாக மாதிரிகள் செய்து, தோல்விமேல் தோல்வி கண்டார். கடைசியில் செப்புக் குழாயைச் சுருளாக வளைத்து, அதனூடே நீரைப் பம்பினாற் செலுத்தி, பெற்றோல் ஆவியின் சுவாலையினாற் சூடாக்கும் கொதிகலனை அமைத்தார். 1896ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் தேதி, பொற்றோமக் நதியிற் படகொன்றின் மேற்றளத்திலிருந்து அவருடைய 5ஆம் இலக்க மாதிரி ஏவப்பட்டது. அது ஏறக்குறைய 3,300 அடி தூரம் பறந்து, ஆவி தீர்ந்ததும் மெல்ல நீரில் இறங்கியது. தொலைபேசி கண்ட கிரகம் பெல் அருகில் நின்று அதனைக் கண்டார். யந்திரத்தின் வலு ஏறக்குறைய ஒரு குதிரை வலு. முழு விமானத்தின் நிறையோ சுமார் 25 இறாத்தல்.

இந்த வெற்றியோடு கதை முடிந்திருந்தால் நாம் பாதிப் பாடமே படித்தவராவோம். 1903இல் லாங்லி அதே அமைப்பைப் பெருப்பித்து, பெற்றோல் யந்திரம் பூட்டி, மனிதனை ஏற்றிப் பறக்கவிட முயன்றார். ஒக்டோபரிலும் டிசம்பரிலும் இருமுறை அது நதியில் வீழ்ந்தது. ஒன்பதே நாட்களில் றைற் சகோதரர் பறந்துவிட்டனர். லாங்லியின் தோல்விக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, அளவின் நியதி. ஒரு பொருளை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இருமடங்காக்கினால் அதன் பரப்பு 4 மடங்காகும். கனவளவும் பாரமும் 8 மடங்காகும். சிறியதில் தாங்கிய சட்டம் பெரியதிலும் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை.

பெரியதைச் சிறியதாக்குவோரையும் இந்நியதி விடுவதில்லை. 1898இல் லண்டனில் 'மொடல் எஞ்சினியர்' என்னும் சஞ்சிகை தோன்றியபின், வீட்டிலேயே நீராவி யந்திரம் செய்வோர் பெருகினர். புகையிரத யந்திரத்தைப் பத்திலொன்றாகச் சுருக்கினால் நீர் ஆயிரத்திலொன்றாகும். வெப்பத்தை இழக்கும் பரப்போ நூற்றிலொன்றாகவே குறையும். ஆகவே சிறு கொதிகலன் விரைவிற் குளிர்ந்துவிடும். மெல்லிய நெருப்புக் குழாய்களில் சுவாலையும் திணறும். இக்குறையைத் தீர்க்க ஸ்மிதீஸ் என்பார் ஒரு வழி கண்டார். நீருள்ள சிறு உருளையின் அடியிற் சில சாய்ந்த குழாய்களைப் பொருத்தி, எல்லாவற்றையும் மற்றோர் உருளையினுள் வைத்து, கீழே மதுசார விளக்கை ஏற்றினார். 1920களின் முற்பகுதியில், 'எல். பி. எஸ். சி.' என்னும் புனைபெயராற் புகழ்பெற்ற எழுத்தாளர், தம் 'ஆயிஷா' என்ற சிறு யந்திரத்தில் நிலக்கரி எரித்து, தக்க அளவான நெருப்புக் குழாய்களே ஆளை இழுக்கவல்லன என்று நிரூபித்தார். 'கொதிகலன் போர்' என்று இந்த வாதம் பெயர்பெற்றது. மிகச்சிறிய யந்திரங்களில் நீர்க்குழாயும், ஆட்களை இழுப்பனவற்றில் நெருப்புக் குழாயும் நிலைபெற்றன.

இத்துறையில் இறங்க விரும்பும் வாலிபர்க்கு ஒரு வார்த்தை. சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அமுக்கமுள்ள ஆவியின் வெப்பம் ஏறக்குறைய 170 பாகை செல்சியஸ். சாதாரண ஈயப் பற்றாசு உருகத் தொடங்குவதோ 183 பாகையில். இடைவெளி மிகக் குறைவு. குழாயில் நீர் வற்றினால் மூட்டு இளகிவிடும். ஆதலினாற்றான் 600 பாகைக்கு மேல் உருகும் வெள்ளிப் பற்றாசினாலே மூட்டுக்களைப் பொருத்துகின்றனர். அது மட்டுமன்று. நெருப்பு மூட்டுமுன் கொதிகலன் முழுவதையும் குளிர்ந்த நீரால் நிரப்பி, தொழிற்படும் அமுக்கத்தின் இருமடங்கை ஏற்றிச் சோதிக்கின்றனர். நீர் சுருங்காது, ஆகையால் மூட்டு விட்டாலும் கசியுமேயன்றிச் சீறாது. பாதுகாப்பு வால்வும் நீர்மட்டக் கண்ணாடியும் இல்லாத கொதிகலனுக்கு நெருப்பு வைப்பது அறிவீனம்.

பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். மேசையருகே அரத்தும் செப்புத் தகட்டுமாய் அமர்ந்திருக்கும் பிள்ளையைக் கண்டால், படிப்பைக் கெடுக்கிறான் என்று கடிந்து எழுப்பிவிடாதீர்கள். பரப்பும் கனவளவும், வெப்பமும் அமுக்கமும் புத்தகத்திற் படித்ததைவிடத் தெளிவாக அவன் கைகளுக்கு அங்கே விளங்குகின்றன. அருகே ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அமருங்கள். நீர்ச்சோதனை முடிந்ததா என்று முதலிற் கேளுங்கள். முடிந்ததாயின், விளக்கை ஏற்ற அவனுக்கு அனுமதி கொடுங்கள்.